வாசகர் கேள்வி – பதில்: கார் போகிற வழியை ஊருக்குக் காட்டுவது எப்படி?

காரிலேயே வெகுதூரம் போகிற குடும்பங்கள், வழியில் பார்ப்பதை ஊரில் இருக்கும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வது பற்றிக் கேட்டு எழுதியவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: செப்டம்பரில் நான், கணவர், மகள் மூவரும் கோவையிலிருந்து லே வரை காரில் போகிறோம். குடியிருப்பு குரூப், பள்ளித் தோழிகள் குரூப், சொந்தக்காரர்கள் குரூப் எல்லாவற்றிலும் படம் போட்டால் தொல்லை என்பார்கள். போடாவிட்டால் ‘சொல்லவே இல்லையே’ என்பார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

பதில்: இருக்கிற குரூப்புகள் எதிலும் போடாதீர்கள். நாற்பது பேர் ‘சூப்பர்’ என்று எழுதினால் உங்கள் படம் மேலே போய்விடும். நாளைக்குத் தேடுகிறவருக்குக் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் ‘பிராட்காஸ்ட்’ என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் ஒரு முறை அனுப்பினால் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிக்கடிதம் போல் போய்ச் சேரும். அவர்கள் எழுதும் பதில் உங்களுக்கு மட்டும் வரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைக்காதவருக்கு பிராட்காஸ்ட் போகவே போகாது. உங்கள் திரையில் அனுப்பியதாகத்தான் காட்டும். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ‘பயணத்தில் தினமும் இரவு ஒரு தகவல் அனுப்பட்டுமா?’ என்று ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள். மறுநாள் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’வைத் திறந்தால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். விட்டுப்போனவர்களைக் கூப்பிட்டு எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். ‘வேண்டாம்’ என்கிறவர்களை மனத்தாங்கல் இல்லாமல் நீக்கிவிடலாம். அனுமதி கேட்பதன் பயனே அதுதான்.

நாளுக்கு ஒரு முறை, அறைக்கு வந்து சேர்ந்த பிறகு, நான்கைந்து படங்கள். அதற்கு மேல் வேண்டாம். முகம் தெரிந்த எல்லோருக்கும் ஏதோ ஒன்று காட்டினால் போதும் என்றால் அதற்கு ஸ்டேட்டஸ் இருக்கிறது, 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும்.

கேள்வி: எத்தனை நல்ல படம் அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் மட்டும்தான் பதிலாக வருகிறது. போகிற வழியை அவர்களும் கூட இருந்து பார்ப்பது போல் எப்படி அனுப்புவது?
– வாசகர், மதுரை

பதில்: குடும்பமே வரிசையாக நிற்கிற படத்துக்கு வேறு பதில் எழுத முடியாது. உங்கள் முகம் அவர்களுக்குத் தெரியும், தெரியாதது வழி. அன்றைய படங்களில் உங்கள் முகம் ஒன்றில் இருந்தால் போதும். மற்றவை சாலை, ஊர்ப் பெயர்ப் பலகை, தட்டில் இருந்த சாப்பாடு, யாரோ செய்துகொண்டிருந்த வேலை என்று இருக்கட்டும். மனிதரைப் படமெடுத்தால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அனுப்பப் போவதையும் சொல்லுங்கள்.

படத்தைவிட அதன் கீழே எழுதும் நான்கு வரிதான் முக்கியம். ‘அழகான இடம்’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. எங்கிருந்து எங்கே, எத்தனை கி.மீ., எத்தனை மணி நேரம், சாலை எப்படி, என்ன சாப்பிட்டீர்கள், என்ன விலை, எதைப் பார்த்து வியந்தீர்கள் என்று எழுதுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல் வடக்கே போகிறவருக்குச் சொல்ல விஷயம் ஏராளம். நாக்பூரில் நான்கு குதிரைச் சிலைகளோடு நிற்கும் ஜீரோ மைல் கல். அதைத் தாண்டி பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காட்டில், விலங்குகள் கீழே கடந்து போவதற்காகச் சாலையையே தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே சம்பல் ஆற்றுப் பாலம், இருபுறமும் மண் அரித்துக் கிடக்கும் பள்ளத்தாக்குகள். ‘நம் கார் மேலே, புலி போகும் வழி கீழே’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், கட்டைவிரலோடு நிற்காமல் கேள்வி வரும். ஊரில் இருக்கும் ஒரு குழந்தை வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடும்.

ஓடுகிற காரிலிருந்து எடுக்கும் படங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவதற்குக் காரணம் கண்ணாடிதான். டாஷ்போர்டின் பிரதிபலிப்பு முன்கண்ணாடியில் விழுந்து படத்தில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். டாஷ்போர்டின் மேல் மினுங்காத கறுப்புத் துணி விரித்துவிட்டால் அது போய்விடும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் போன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பூச்சியின் மேல் ஃபோகஸ் வைத்துவிடும். வடக்கே போகும்போது காலையில் வெயில் வலப்பக்கம் இருக்கும், அதனால் இடப்பக்கக் காட்சிகள் தெளிவாக விழும். மாலையில் மாறிவிடும். இதெல்லாம் ஓட்டாதவர் வேலை. ஓட்டுகிறவர் போனைத் தொடவே கூடாது.

கேள்வி: மணாலி – லே வழியில் சிக்னல் இருக்காது என்கிறார்கள். அம்மா ஒரு மணி நேரம் தகவல் இல்லாவிட்டாலே பதறுவார். லைவ் லொகேஷன் போட்டுவிட்டால் போதுமா?
– வாசகர், திருச்சி

பதில்: போதாது, சில நேரம் அதுவே பதற்றத்தைக் கூட்டும். லைவ் லொகேஷனை வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி நேரம் என்றுதான் வைக்கலாம். சிக்னல் போன இடத்தில் புள்ளி அப்படியே நின்றுவிடும். மலைப்பாதையில் நகராத புள்ளியைப் பார்க்கிற அம்மா என்ன நினைப்பார்? சமவெளியில் நன்றாகவே உதவும். அங்கேயும் போனில் பேட்டரி சேவரை நிறுத்தி, வாட்ஸ்அப்புக்கு இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று மாற்றினால்தான் திரை அணைந்த பிறகும் ஓடும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் வாங்கிய பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் மட்டுமே எடுக்கும். வழியில் போய்ச் சமாளிக்கலாம் என்று விட்டவர்கள் லே போய்ச் சேர்ந்தும் ‘வந்துவிட்டோம்’ என்று சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். வங்கி ஓடிபியும் வராது. குடும்பத்தில் ஒரு எண்ணையாவது, முடிந்தால் இரண்டு வெவ்வேறு நிறுவனத்து எண்களை, கிளம்ப இரண்டு வாரம் முன்பே போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுங்கள்.

மணாலியிலிருந்து 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கம் வழியாகப் போனால் லே சுமார் 430 கி.மீ. கீலாங், ஜிஸ்பா வரை பேச முடியும். தார்ச்சாவைத் தாண்டினால், லேவுக்கு ஐம்பது கி.மீ. முன்னால் வரும் உப்ஷி வரை பெரும்பகுதி சிக்னல் இல்லாத வழி. நடுவில் சர்ச்சுவில் தங்கினால் ஒரு முழு இரவும் தகவல் சொல்ல முடியாமல் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மூச்சுத் திணறலுக்கும் தலைவலிக்கும் பயப்படுகிறவர்கள் முந்தின இரவை ஜிஸ்பாவில் கழிப்பது நல்லது.)

ஆகவே அம்மாவுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். தேதி, அன்று தங்கும் ஊர், விடுதியின் தொலைபேசி எண், ‘இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை பேச முடியாது’ என்ற குறிப்பு, கார் எண், உடன் வருகிறவர்களின் எண்கள். அடியில் ஒரு வரி: ‘மறுநாள் இரவு 9 மணி வரை தகவல் வராவிட்டால் முதலில் விடுதிக்கு, பிறகு தம்பிக்குப் போன் செய்யவும்.’ காத்திருக்க வேண்டிய நேரம் முன்கூட்டியே தெரிந்தால் காத்திருக்க முடியும். ஜிஸ்பாவை விட்டுக் கிளம்பும்போது ‘இனி நாளை மாலைதான்’ என்று ஒரு செய்தியும் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு காரில் டொரன்டோவிலிருந்து வான்கூவர் போகப் போகிறோம். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவோடும் பள்ளித் தோழிகளோடும் தினமும் கதைக்க விருப்பம். எந்த நேரம் சரிவரும்? அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரிவதில்லை.
– வாசகி, கனடா

பதில்: காலை 8 மணி. போகப்போக உங்கள் மணிக்கூடு மாறும், ஆனால் கோடையில் இந்த ஒரு நேரம் வழி முழுவதும் பொருந்தும். டொரன்டோவில் காலை 8 என்றால் யாழ்ப்பாணத்தில் மாலை 5.30. வின்னிபெக்கில் 8 என்றால் அங்கே 6.30, கல்கரியில் 7.30, வான்கூவரில் இரவு 8.30. அம்மம்மா விழித்திருப்பார், தோழிகளும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள். மாலையில் விடுதிக்கு வந்ததும் அழைத்தால் டொரன்டோ பக்கத்தில் அங்கே விடியற்காலையாக இருக்கும். ஆகவே நேற்றைய படங்களை இன்று காலை, விடுதி வைஃபை இருக்கும்போதே அனுப்பிவிட்டு, பத்து நிமிடம் கதைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

சூ செயின்ட் மரீயிலிருந்து தண்டர் பே வரை சுப்பீரியர் ஏரியை ஒட்டிய ஏறக்குறைய 700 கி.மீ. வழியில் வாவா, மரத்தன் போன்ற ஊர்களுக்கு இடையில் சிக்னல் அறுந்து அறுந்து வரும். ராக்கி மலையில் லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் போகும் 230 கி.மீ. சாலையில் பெரும்பாலும் கிடையாது. அந்த இரண்டு நாட்களையும் முன்பே சொல்லிவையுங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியை அங்கே பலர் வைத்திருப்பார்கள். கனடாவுக்கு அது நல்லது. ஆனால் அடுத்த முறை இந்தியா வரும்போது அதைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். முன் அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள்.

அம்மம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்புங்கள். ஓடுகிற காரில் பதிவு செய்தால் டயர் இரைச்சலும் ஏசி காற்றும்தான் கேட்கும். வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒரு விஷயம். பிள்ளைகள் பேசினால் இன்னும் நல்லது, அவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்.

தனிக் கேமரா கொண்டுபோனால் அதன் மணிக்கூடு போன் மாதிரித் தானாக மாறாது. கடைசியில் இரண்டின் படங்களையும் சேர்த்து அடுக்கினால் மாலைப் படம் காலைப் படத்துக்கு முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு நேர எல்லையைத் தாண்டியதும் கேமராவின் மணியையும் மாற்றுங்கள்.

கேள்வி: வீடு பூட்டிக் கிடப்பது ஊருக்கே தெரிந்துவிடாதா?
– வாசகர், சேலம்

பதில்: தெரியும். அதனால் யாரும் பார்க்கும்படியான இடங்களில் திரும்பி வந்த பிறகே போடுங்கள். நண்பர்களுக்கு அனுப்பும்போதும் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு அனுப்புவது நல்லது. இன்னொன்று: படத்தை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நீக்கிவிடும்.

கேள்வி: திரும்பி வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையே அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: 4×6 அங்குலத்துக்குத் தாங்கும். அந்த அளவுக்கு 1800×1200 புள்ளிகள் இருந்தால் நன்றாக வரும், வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் படம் ஏறக்குறைய அதை நெருங்கும். ஏ4 அளவுக்கு 3508×2480 வேண்டும், அங்கே மங்கிவிடும். அச்சுக்கு எப்போதும் போனில் இருக்கும் மூலப்படத்தையே கடைக்குக் கொடுங்கள், பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது நல்லது. கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்கேயும் சுருங்கும். வேறு வழியில்லை என்றால் ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள். படத்தின் பின்புறம் இடத்தின் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதும்போது மை காயும்வரை அடுக்காதீர்கள், அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.