பதினொரு விநாடியில் ஒரு போர்

கேள்வி: நானும் நண்பர்களும் சேர்ந்து கற்பனைச் சாகசப் படம் ஒன்று எடுக்கிறோம். அதன் தொடக்கக் காட்சியை நாலரை நிமிடக் காணொளியாக உங்களுக்கு அனுப்பியிருந்தோம். இந்த வகைப் படங்களுக்குரிய மரபுகளில் ஒன்றையும் விடவில்லை: இருண்ட திரையில் முன்கதை சொல்லும் குரல், பழைய வரைபடம், பெரும்போர், தப்பவைக்கப்படும் குழந்தை, மந்திரக் கல். ஆனாலும் ஊர் வாசிகசாலையில் போட்டுக் காட்டியபோது இரண்டாவது நிமிடத்திலேயே சனம் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டது. எங்கள் மக்களுக்கு இந்த வகைப் படம் விளங்காதா?
- வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: காணொளியை இரண்டு தரம் பார்த்தேன். முதல் தரம் கடமைக்காக. இரண்டாம் தரம் உங்கள் கேள்வியின் கடைசி வரி கிளப்பிய கோபத்தில்.

காத்தவராயன் கூத்தில் நாயகன் காத்தான் ஒருவனாகவே இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து வருவார்கள். ஆதிக்காத்தான் போய்ப் பின்காத்தான் வருவான். முகம் வேறு, குரல் வேறு, உயரமும் வேறு. முன்னால் பாயில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளைகூட "இது யார் புதிதாக?" என்று கேட்பதில்லை. மற்றக் கூத்துகளில் காப்புப் பாட்டு முடிந்ததும் கட்டியகாரன் வந்து, அரசர் வரப்போகிறார் என்பான். அரசர் வந்து, தான் அரசன் என்பதைத் தானே பாடி ஆடுவார். இத்தனை மரபையும் விடியும்வரை கண்விழித்துப் பார்க்கும் சனம் உங்கள் நாலரை நிமிடத்தைத் தாங்கவில்லை என்றால், விளங்காதது யாருக்கு, தம்பி?

மரபுகளைச் சந்தைக்குப் போகும்போது எழுதும் துண்டு மாதிரி எழுதி வைத்து, ஒவ்வொன்றாகச் சரி அடையாளம் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு மரபும் ஒரு வேலைக்காக வந்தது. அந்த வேலையை விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் எடுத்து மாட்டியிருக்கிறீர்கள்.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது புத்தகத்திலிருந்து வந்த வழக்கம். 1937 இல் டோல்கீன் எழுதிய ‘ஹொபிட்’ நாவலிலேயே வரைபடம் இருக்கிறது. நிலா வெளிச்சத்தில் மட்டும் தெரியும் எழுத்து அதில் உண்டு. அதைப் படிக்காவிட்டால் மலையின் இரகசியக் கதவு திறக்காது. உங்கள் வரைபடத்தில் ஏழு நாடுகளின் பெயர்கள் இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தை முழுக்கத் தேடினேன். ஆறு நாடுகளுக்கு ஒருவரும் போகவில்லை. குழந்தையும் அப்படித்தான். ‘பாகுபலி’யில் முதுகில் அம்பு தைத்த சிவகாமி ஆற்றோடு போகும்போதும் குழந்தையை ஒரு கையால் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறாள். பின்னால் அருவி. அந்தப் பிள்ளை வளர்ந்து அதே அருவியில்தான் திரும்பத் திரும்ப ஏறி விழுகிறான். உங்கள் குழந்தையை ஒருவர் கூடையில் வைக்கிறார், இன்னொருவர் எடுக்கிறார். தபால் பொதி கைமாறுவது போல இருக்கிறது.

இவற்றையாவது மன்னிக்கலாம். போரை மன்னிக்க முடியவில்லை.

உங்கள் குரல் சொல்கிறது: "பெரும்போரில் இலட்சம் பேர் மடிந்தனர்; பின்னர் அமைதி திரும்பியது." கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்தேன், பதினொரு விநாடி. அடுத்த காட்சியில் தாமரைப் பூ. இதை முல்லைத்தீவு மாவட்டத்தில், வாசிகசாலைக் கதிரைகளில் இருந்தவர்கள் முன்னால் போட்டிருக்கிறீர்கள். அந்தப் "பின்னர்" என்ற சொல்லுக்குள் எத்தனை வருடம், எத்தனை கூடாரம், எத்தனை பதிவுப் படிவம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கைத்தொலைபேசியை எடுத்தது சலிப்பினால்தான் என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முன்கதைப் போர் என்ற மரபே தவறு என்று நான் சொல்லவரவில்லை. பீற்றர் ஜாக்சன் 2001 இல் எடுத்த ‘தி லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ முதற் படமும் இருட்டில் ஒரு பெண் குரலோடுதான் தொடங்குகிறது. அங்கேயும் ஆயிரக்கணக்கானோர் மோதும் போர் உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய படைகளும் ஒரு விரல் வெட்டுப்படுவதற்காகவே அங்கே நிற்கின்றன. விரலோடு மோதிரம் விழுகிறது. அதன் பிறகு கமரா அரசர்களை விட்டுவிட்டு மோதிரத்தின் பின்னாலேயே போகிறது. அதை எடுத்தவன் அழிக்க மறுக்கிறான். அது அவனையே காட்டிக்கொடுத்துவிட்டு ஆற்றின் அடியில் போய்க் கிடக்கிறது. பிறகு இன்னொருவன் கையில், அதற்குப் பிறகு வேறொருவன் கையில். பொருள் சிறியது, அது தன்னை வைத்திருப்பவனை விழுங்கும் என்ற ஒரே விதியை அந்தச் சில நிமிடங்கள் நமக்குப் பழக்கிவிடுகின்றன. அதனால்தான் பிறகு ஒரு சாதுவான கிழவர் அதைச் சட்டைப்பையில் தடவிப் பார்க்கும்போது நமக்கு வயிறு கலங்குகிறது. உங்கள் மந்திரக் கல் நீல நிறத்தில் ஒளிர்கிறது. அது என்ன செய்யும்? எடுத்தவரிடம் என்ன கேட்கும்? தெரியாது. ஒளிர்கிறது, அவ்வளவுதான்.

குரலே இல்லாமலும் செய்யலாம். ஸ்பில்பேர்க்கின் 1981 ஆம் ஆண்டு இண்டியானா ஜோன்ஸ் படத்தில், குகைக்குள் பொற்சிலையின் முன் நாயகன் நிற்கிறான். சிலையின் பாரத்துக்கு ஈடாக வைக்க ஒரு மணற்பை கொண்டுவந்திருக்கிறான். பையைக் கையில் வைத்துச் சிலையைப் பார்க்கிறான். தாடையைத் தடவுகிறான். பையிலிருந்து கொஞ்சம் மணலைக் கொட்டிவிடுகிறான். பிறகு மாற்றி வைக்கிறான். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, சிரிக்கப் போகிறான், பீடம் கீழே இறங்குகிறது. அவன் கெட்டிக்காரன், துணிச்சல்காரன், ஆனால் கணக்குப் பிழைக்கும் மனிதன் என்பது அந்த ஒரு பிடி மணலில் வந்துவிட்டது. உருளும் பாறாங்கல்லைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு மணல்தான். உயிர் தப்பி விமானத்தில் ஏறியவன் அங்கே பாம்பைக் கண்டு அலறுவதும் சும்மா சிரிப்புக்காக இல்லை. படத்தின் நடுவில் அந்தப் பாம்புகளுக்கு வேலை இருக்கிறது.

இவை வெளிநாட்டுக்காரர்களின் பணத்தில் எடுத்தவை என்பீர்கள். சரி, செலவே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒட்டுசுட்டானில் இருக்கிறீர்கள், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் மோட்டார் சைக்கிள் தூரம். அங்கே நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்த கதை உங்கள் அம்மம்மாவுக்குத் தெரிந்திருக்கும். பசிக்கிறது என்றாள், பொடியன்கள் பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டுகிறது, விளக்கு வை என்றாள்; எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்நீரை விட்டு எரி என்றாள், எரிந்தது. தலை கடிக்கிறது, பார் என்று குனிந்தாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண்கள்.

இதில் என்ன இல்லை? அறியாத சிறுவர்கள், வழிப்போக்கராக வரும் தெய்வம், சிறு சோதனை, மந்திரம், திகில்: இந்த வகைப் படத்தின் தொடக்கத்துக்கு வேண்டிய எல்லா மரபும் இருக்கிறது. ஆனால் வரிசையைப் பாருங்கள். பசி, இருட்டு, தலைக்கடி என்று மூன்றும் வீட்டில் தினமும் நடப்பவை. அற்புதம் அவற்றின் வால் பிடித்து உள்ளே வருகிறது. பேன் பார்க்கப் போன விரலுக்குக் கண் தட்டுப்படுவதை விடப் பெரிய காட்சியை எந்தக் கணினியில் செய்வீர்கள்? அந்த விளக்கு கதையோடு அணையவும் இல்லை. இன்றும் வைகாசியில் பாக்குத்தெண்டல் என்ற சடங்கை முடித்து, சிலாவத்தைக் கடலில் தீர்த்தமாக நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அதை விளக்கில் விட்டு எரித்து, பிறகுதான் வற்றாப்பளைப் பொங்கல். மந்திரத்துக்கு முறையும் நாளும் சுமக்க ஆளும் இருக்கின்றன.

அதற்காக நாளைக்கே அம்மன் கதையைப் படமெடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். நந்திக்கடலைக் கமராவுக்குள் கொண்டுவருபவர் அங்கே 2009 இன் இறுதிப்போரும் கிடக்கிறது என்பதை அறிந்து கொண்டுவர வேண்டும்; அதற்கு இன்னும் கொஞ்சம் வயது வரட்டும். அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குரலை வெட்டுங்கள். வரைபடத்தையும் வெட்டுங்கள். முத்தையன்கட்டுக் குளத்துக்குப் பின்னால் ஒட்டவைத்த பனிமலையைத் தயவுசெய்து இன்றைக்கே அகற்றுங்கள்; அந்த அணைக்கட்டில் குளித்து வளர்ந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், மரியாதைக்காக உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். போரை ஒரே ஆளின் கையில் இருக்கும் ஒரே பொருளாகக் காட்ட முடிந்தால் வைத்திருங்கள், முடியாவிட்டால் அதுவும் வேண்டாம்.

மூன்றாவது நிமிடத்தில் ஓரிடம் இருக்கிறது. வாளோடு ஓடிவரும் வீரன் வாய்க்காலைக் கண்டதும் நின்று, செருப்பைக் கழற்றி இடக்கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டி இறங்குகிறான். நடித்தவர் பழக்கத்தில் செய்திருப்பார். எடிட்டிங்கில் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கும். அந்த நாலரை நிமிடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான். திருத்தும்போது அந்தச் செருப்பில் கை வைத்துவிடாதீர்கள்.