மடிப்பில் விரிசல்: வெல்டிங் வைத்தால் சரியாகுமா?

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இரண்டாவது பேட்டரி வைக்க, 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் நானே ஒரு தட்டு செய்தேன். வைஸில் பிடித்து மரச்சுத்தியால் தட்டி மடக்கியபோது மடிப்பில் மெல்லிய விரிசல் விழுந்துவிட்டது. 'விமானத்துக்குப் போடும் அலுமினியம்' என்றுதான் கொடுத்தார்கள். வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். விரிசல் விட்ட மடிப்பின் மேல் பேட்டரியின் எடையும் மேட்டுப்பாதையின் குலுக்கலும் சேர்ந்தால், வெல்டிங்கின் ஓரத்திலேயே அது மறுபடி பிளக்கும். அந்தத் தகட்டைத் தட்டையாகவே பயன்படும் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைவேலையில் பெரிய குறை இல்லை. 'விமான அலுமினியம்' என்று ஒரு தரமே கிடையாது. அது விற்பவர் வாய்ச்சொல். அந்தப் பெயரில் கைக்கு வருவது பெரும்பாலும் 6061 என்ற எண்ணுள்ள கலவை, டி6 பதம், அதாவது சுட்டுப் பதப்படுத்திக் கடினமாக்கியது. கடைசலுக்கு அருமையான உலோகம், கூர்மையாக மடக்கினால் வெடிக்கும். மடக்குவதற்கு 5052, ஹெச்32 பதம் என்று எண் சொல்லிக் கேளுங்கள். எண் தகட்டின் மேலோ பாதுகாப்புத் தாளிலோ அச்சாகியிருக்கும். நடுவில் கைமாற்றுபவர்கள் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு, 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்பார்கள். தரச்சான்று கேட்டாலோ, சொத்துப் பத்திரத்தைக் கேட்டது போலப் பார்ப்பார்கள். எண் தெரியாத துண்டை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சோப்பு வித்தையை யாராவது சொல்வார்கள். அது பொய்யில்லை. தகட்டில் சோப்பைத் தேய்த்து, அது கறுக்கும் வரை சுடவைத்து ஆறவிட்டால் 6061-ம் வளையும். ஆனால் டி6 பதம் அதோடு போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர 530 டிகிரி அளவுக்குச் சுட்டுத் தண்ணீரில் அமிழ்த்தி, அப்புறம் 160, 170 டிகிரியில் பல மணி நேரம் வைக்க வேண்டும். வீட்டு அடுப்பில் நடக்காது. அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. 6061 சுமார் 580 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். அலங்காரத் துண்டுக்குச் சரி, பேட்டரி தாங்கும் தட்டுக்கு வேண்டாம்.

புதுத் தகட்டில் மடிப்புக் கோட்டை ஊசியால் கீறாமல் மார்க்கரால் போடுங்கள். விரிசல் கீறலில்தான் பிறக்கும். ஓரப் பிசிறை அரத்தால் நீக்குங்கள். அரத்தில் சாக்பீஸ் தேய்த்தால் துகள் அடைக்காது. வைஸின் பல் படாமல், 5 மி.மீ. அளவுக்கு முனை உருட்டிய மரக்கட்டை வைத்து மடக்குங்கள். போல்ட் இருக்கும் இடங்களில் இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டு ஈரம் பட்டால் அலுமினியம்தான் அரிக்கும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள்.

இதே உற்சாகத்தில் இழுவைக் கொக்கி, ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.