சத்தமிடும் தாடை, திறக்காத வாய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பனங்கிழங்கைக் கடிக்கும்போது காதுக்கு முன்னால் ‘டக்’கென்று சத்தம் கேட்கிறது. வலி இல்லை. சிகிச்சை வேண்டுமா? (வாசகி, சாயல்குடி)

பதில்: வேண்டாம். கீழ்த்தாடைக் குமிழுக்கும் மண்டையோட்டுக் குழிவுக்கும் இடையிலுள்ள மெல்லிய வட்டு சற்றே முன்னால் நகர்ந்திருந்து, வாய் திறக்கையில் மீண்டும் தன் இடத்தில் வந்து உட்காரும்போது எழும் ஓசைதான் அது. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் கவலை இல்லை. சத்தம் திடீரென்று நின்று, கூடவே வாய் திறப்பதும் குறுகிவிட்டால் மட்டும் தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் சங்கு குளிக்கும் தொழிலாளி. காற்றுக் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டே கடலுக்கடியில் இருப்பார். மாதக்கணக்கில் தாடை வலிக்கிறது. பற்களைத் தேய்த்துச் சமன்செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? (கீழக்கரை)

பதில்: தயவுசெய்து இப்போது செய்யாதீர்கள். தேய்த்த பல் திரும்ப வளராது. பற்கள் பொருந்தும் விதத்தை மாற்றினால் இந்த வலி தீரும் என்பதற்கு நம்பத்தக்க ஆய்வுச் சான்றும் இல்லை. வாய்முனையை இடைவிடாமல் கடித்திருக்கும் முக்குளிப்போருக்குத் தாடைத் தசைகள் களைத்து வலிப்பது மருத்துவ உலகம் நன்கறிந்த ஒன்று. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கென்று 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, கையால் மூட்டை இயக்கிவிடுதல், மன அழுத்தத்தைக் கையாளும் உளவியல் பயிற்சி ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைக்கிறது; வட்டை அகற்றும் அறுவைக்கு எதிராகவும் அதே உறுதியுடன் பேசுகிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சில வாரங்களுக்குக் கணவாயையும் கெட்டிக் கருவாட்டையும் தவிர்த்து, குழைந்த சோறும் மீன் குழம்பும் கொடுங்கள். கரையில் இருக்கும் நேரமெல்லாம் உதடுகள் மூடியும் பற்கள் ஒன்றையொன்று தொடாமலும் இருக்க அவர் பழக வேண்டும்; என் அனுபவத்தில், இந்தச் சின்னப் பழக்கம் பலருக்கு மாத்திரையைவிட அதிகம் உதவியிருக்கிறது. முடிந்தால், பல்லுக்கு இதமான மென்மையான வாய்முனைக்கு மாறச் சொல்லுங்கள்.

கேள்வி: புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான். இப்போது இரண்டு விரல்கூட வாய்க்குள் நுழையவில்லை. காரம் பட்டாலே எரிகிறது. மூட்டுத் தேய்மானமா? (தொண்டி)

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மூட்டைவிடக் கன்னத்தின் உட்சவ்வையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பாக்கு அந்தச் சவ்வை நார்நாராக இறுக்கிவிடும். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேராத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீடு தெளிவாகக் கூறுகிறது. இன்றே பாக்கை நிறுத்துங்கள். இறுகிய சவ்வு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது என்றாலும், மேலும் இறுகுவதைக் கட்டுப்படுத்த அதுவே முதல் வழி. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் சதைப் பரிசோதனைக்குத் தயங்காதீர்கள். இந்த வாரமே சென்று காட்டிவிடுங்கள்.

கேள்வி: தாடை வலிக்குப் போன இடத்தில் ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆகிவிடுவேனோ? (மண்டபம்)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆயினும் ஆய்வு இல்லாமல் சிகிச்சை பரவினால் என்னாகும் என்பதற்குத் தாடை மூட்டே சான்று: 1980-களில் அமெரிக்காவில் வட்டுக்குப் பதிலாக வைக்கப்பட்ட டெஃப்லான் பதியங்கள் துணுக்குகளாகச் சிதைந்து எலும்பையே அரித்ததால், 1990-களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டன. ஒழுங்கான ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும். மருந்துச் சோதனையானால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண்ணும் இருக்கும், அதை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். பாதிப்பு நேர்ந்தால் செலவை யார் ஏற்பார் என்பதை எழுத்தில் பாருங்கள். இடையில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; விலகினாலும், சேராமலே இருந்தாலும், உங்களுக்குரிய வழக்கமான சிகிச்சையை அவர்கள் மறுக்க முடியாது.