ஸ்டோமா வைத்த பிறகு ஓடலாமா, நீந்தலாமா?

குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் ஸ்டோமா வைத்தவர்கள், காயம் நன்கு ஆறி மருத்துவர் அனுமதித்ததும், ஓடலாம், நீந்தலாம். ஸ்டோமா என்பது குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோல் வழியே வெளியே கொண்டுவந்து தைத்த திறப்பு; ஆசனவாயில் இருப்பதுபோல் அடக்கிவைக்கும் தசை அங்கே இல்லாததால், மலம் தானாகவே வெளியேறி, தோலில் ஒட்டிய பையில் சேர்கிறது. சாலை மறிக்கப்பட்டால் பேருந்து மாற்றுப்பாதையில் செல்வதைப் போன்றது இது. உதட்டின் உட்புறம்போல் சிவந்து ஈரமாக இருக்கும் அது, பார்க்கப் பயமாகத் தோன்றினாலும், தொட்டால் வலிப்பதில்லை. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். பளு தூக்குவதில்தான் உண்மையான எச்சரிக்கை தேவை. திறப்பைச் சுற்றி வயிற்றுச் சுவர் பலவீனமாக இருப்பதால் குடலிறக்கம் ஏற்படலாம். குளத்தில் இறங்கினால் ஸ்டோமா வழியே தண்ணீர் புகுந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். புகாது, பையும் அதன் ஒட்டுப்பகுதியும் நீரைத் தாங்கக்கூடியவை.