பிள்ளைகளுக்குச் செபமாலை: முதலில் பத்து மணிகள் போதும்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்கிறோம். மகள் இரண்டாம் பத்திலேயே (பத்துப் பத்து மணியாகச் சொல்லும் ஐந்து பகுதிகளில் இரண்டாவதிலேயே) தூங்கிவிடுகிறாள். மகன் வார்த்தைகளை விழுங்கி விழுங்கி ஓடுகிறான். பாதியில் எழுந்தால் பாவம், சொன்ன செபமும் சேராது என்று என் மாமியார் வருந்துகிறார். பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் எடுக்கிறேன். முப்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம். அங்கும் இதே கதைதான். அமைதிக்காக வீட்டில் ஒரு விசேஷ செபமாலை வாங்கி வைக்கும்படி ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது? (ஒரு தாய், திருச்சி மாவட்டம்)

பதில்: உங்கள் மாமியாரின் வருத்தத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அது தீராமல் பிள்ளைகளைப் பற்றி நான் என்ன சொன்னாலும் உங்கள் வீட்டில் நடக்காது.

செபமாலை சொல்ல வேண்டும் என்று எல்லாருக்குமான கட்டளை திருச்சபையில் இல்லை. ஞாயிறு திருப்பலியைப் போன்ற கடன் அல்ல அது. விரும்பிச் செய்யும் பக்தி முயற்சி. ஆகவே அதைப் பாதியில் நிறுத்துவது பாவமாகாது. சொன்ன மணிகள் வீணாவதும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொடர்ச்சி கேட்கப்படுகிறது. பெரியவர்கள் பேசும் ‘சேராது’ என்ற சொல் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கோவிலிலோ, குடும்பமாகவோ, துறவியர் இல்லத்திலோ, பக்தசபையிலோ செபமாலை சொல்பவர்கள் அதற்கான பரிபூரண பலனை (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் பேற்றை) பெற விரும்பினால், ஐந்து பத்துகளையும் இடைவிடாமல் தொடர்ந்து சொல்ல வேண்டும். வாய் சொல்லும்போது மனம் மறைபொருளை, அதாவது அந்தப் பத்துக்குரிய இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வை, தியானிக்கவும் வேண்டும். ஒப்புரவு அருட்சாதனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக மன்றாட்டு, எந்தப் பாவத்தின்மீதும் பற்றில்லாத மனம் என்ற வழக்கமான நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். தொடர்ச்சி என்ற நிபந்தனை அந்தப் பரிபூரண பலனுக்கு மட்டும் உரியது. செபம் கடவுளிடம் சேருவதற்கு அது நிபந்தனை அல்ல. உங்கள் மகள் இன்னும் புதுநன்மையே வாங்கவில்லை. நற்கருணை வாங்காத குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்ப்பதே தேவையற்றது. பிள்ளைகள் படுத்த பிறகு உங்கள் மாமியார் தாம் விரும்பியபடி ஐந்து பத்துகளையும் அமைதியாகச் சொல்லலாம். அதற்குத் துணையாக நீங்கள் உட்கார்ந்தால் அவர் மனம் இன்னும் நிறையும்.

இனி பிள்ளைகள். எட்டு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு பத்து. ஐந்து வயதுக்கு அந்தப் பத்திலும் மூன்று மணி. இதைச் சொன்னால் பக்தியைக் குறைக்கிறேன் என்று சிலர் கோபிக்கிறார்கள். பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1826-இல் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் வாழும் செபமாலை இயக்கத்தைத் தொடங்கியபோது, பதினைந்து பேரைக் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரே ஒரு பத்து சொன்னால் போதும் என்றுதான் வைத்தார். வேலை மிகுந்த ஏழைத் தொழிலாளிகளும் செபிக்க அது வழியாயிற்று. அந்தப் பவுலினை 2022-இல் திருச்சபை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. 

உங்கள் மகன் வார்த்தைகளை விழுங்குவதைக் கண்டும் கலங்காதீர்கள். 1917-இல் போர்த்துகல் நாட்டுப் பாத்திமாவில் அன்னையின் காட்சி பெற்ற மூன்று பிள்ளைகளுக்கு முதல் காட்சியின்போது பத்து, எட்டு, ஏழு வயது. ஆடு மேய்க்கப் போகும் இடத்தில் விளையாட நேரம் போதவில்லை என்பதற்காக, மணிக்கு மணி ‘அருள் நிறைந்த மரியே’ என்ற இரண்டு மூன்று சொற்களை மட்டும் சொல்லி மாலையை முடித்துவிடுவார்களாம்; மூத்தவரான லூசியாவே பிற்காலத்தில் இதை எழுதி வைத்தார். அந்தப் பிள்ளைகளைத்தான் மாதா தேடி வந்து தினமும் செபமாலை சொல்லும்படி கேட்டார்.

ஓடுவதை நிறுத்தும் வழி அதட்டல் அல்ல, மனத்தில் விரியும் படம். செபமாலை பிள்ளைகளுக்கு ஒவ்வாது என்ற பேச்சுக்குத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002 அக்டோபரில் வெளியிட்ட திருத்தூது மடலில் மறுமொழி இருக்கிறது: குறை செபமாலையில் அல்ல, அதை வறட்சியாகச் சொல்லும் முறையில் இருக்கலாம் என்பது அதன் சாரம். ஒளியின் மறைபொருள்கள் ஐந்தையும் சேர்த்தது அந்த மடல்தான். உங்கள் மாமியார் பழைய பதினைந்து தேவ இரகசியங்களோடு (மறைபொருள்களுக்குப் பழைய பெயர் அது) நிறுத்திக்கொண்டு வியாழக்கிழமைகளில் சந்தோஷ தேவ இரகசியங்களையே சொன்னால் அதில் பிழை இல்லை. அவரைத் திருத்தப் போகாதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது? புத்தகங்கள் எல்லாம் கபிரியேல் தூதரில் தொடங்கச் சொல்கின்றன. எட்டு வயதுப் பையனிடம் நான் மகிழ்ச்சி மறைபொருள்களில் ஐந்தாவதிலிருந்து தொடங்குவேன்: காணாமற்போன இயேசுவைக் கோவிலில் கண்டடைந்தது. வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் சேலை முந்தானையை விட்டுவிட்டு, ஒலிபெருக்கியில் தன் பெயரை அறிவிக்கும்வரை அழுத பிள்ளை ஒன்றாவது ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். இயேசுவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, பாஸ்கா விழா முடிந்து ஊர் திரும்பும் கூட்டம், ஒரு நாள் பயணம் போன பிறகுதான் பிள்ளையைக் காணோம் என்று தெரிகிறது, மூன்று நாளுக்குப் பின் கண்டுபிடிக்கிறார்கள் என்று லூக்கா நற்செய்தியில் உள்ளபடியே சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: ‘அந்த மூன்று நாளும் மாதா சாப்பிட்டிருப்பார்களா?’ ஒரு வகுப்பில் இதைக் கேட்டபோது பின்வரிசைச் சிறுவன் ஒருவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘சூசையப்பர் கட்டாயப்படுத்திக் கொஞ்சம் கொடுத்திருப்பார்’ என்றான். தியானம் என்று பெரியவர்கள் சொல்வது அதுதான். அந்தப் பையனுக்குப் பத்து மணியும் நீளமாகத் தெரியவில்லை.

அடுத்தது வார்த்தைகள். தமிழ் வீடுகளில் இது தனித் தொல்லை. உங்கள் மாமியார் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்று பழைய வழக்கில் சொல்லக்கூடும். நீங்கள் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கி ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று முடிப்பீர்கள். மறைக்கல்விப் புத்தகமோ ‘தூய மரியே, இறைவனின் தாயே’ என்று அச்சிடும். மூன்றையும் ஒரே வாரத்தில் கேட்கும் குழந்தை எதையும் முழுதாகப் பிடிப்பதில்லை. வீட்டுக்கு ஒன்று என்று முடிவு செய்யுங்கள்; வீட்டில் அப்பாயி சொல்வதே இருக்கட்டும் என்றாலும் சரிதான். வகுப்பில் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிக்கொடுத்து, ‘உங்கள் வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள், அதுவும் இதே செபம்தான்’ என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். கடினச் சொற்களை ஒரு நாளைக்கு ஒன்றாக விளக்குங்கள். ‘திருவயிற்றின் கனி’ என்றால் எந்தப் பழம் என்று உங்கள் மகள் கேட்டால் அவளை அடக்காதீர்கள். ‘நீ என் வயிற்றில் இருந்தாயே, அதைப் போல’ என்று சொல்லுங்கள். ‘மரண நேரத்திலும்’ என்பதை ‘மர நேரத்திலும்’ என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம். ஒப்புவிக்கச் சொன்னால் அவர்களும் தேறிவிடுவார்கள், யாரும் கவனிப்பதில்லை.

இந்த ஒப்புவித்தலைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஆண்டுத் தேர்வில் இருபது மறைபொருள்களையும் வரிசை தவறாமல் எழுதச் சொல்கிறார்கள். மதிப்பெண் போடுகிறார்கள். அக்டோபரில் போட்டி, ஆண்டுவிழாவில் பரிசு. சொல்லிக்கொடுப்பவருக்கோ பயிற்சி இல்லை. பள்ளி ஆசிரியையாக இருக்கிறார், பாடுவார், வர மறுக்கமாட்டார் என்ற தகுதியில் சாக்பீஸைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். புத்தகம் ஆகஸ்டில் வரும். நாற்பது நிமிடத்தில் வருகைப்பதிவுக்குப் பத்து நிமிடம் போய்விடும், அடுத்த வாரத் திருவிழா வசூல் அறிவிப்புக்கு ஐந்து நிமிடம். இவ்வளவுக்கும் பிறகு பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை என்று பங்குப்பேரவையில் பேசுவார்கள். பல ஆண்டுகள் இந்த வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகள்மேல் குறையில்லை. 1540-களில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், பிறர் துணையோடு செபங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு, கையில் மணியை அடித்தபடி தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் மங்களவார்த்தை செபத்தையும் (‘அருள் நிறைந்த மரியே’ செபம்தான்) கற்பித்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அந்தச் சிறுவர்களிடமே ஒப்படைத்தார். அவருடைய வகுப்பில் மதிப்பெண் பட்டியல் இருந்ததாகத் தெரியவில்லை.

உங்கள் வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். கிணற்றுக் கயிறு பருமனுள்ள ஒரு கயிற்றில் பத்து முடிச்சுப் போட்டு வட்டமாக்குங்கள். ஒவ்வொரு முடிச்சையும் ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். மற்ற இருபது பேரும் சுற்றி உட்காரட்டும். மறைபொருளைக் கதையாகச் சொல்ல பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முடிச்சைப் பிடித்திருக்கும் பிள்ளை யாருக்காகச் செபிக்கிறது என்று ஒரே வரியில் சொல்லும்: ‘எங்க தாத்தா ஆஸ்பத்திரியில இருக்காங்க.’ சொன்ன பிள்ளையே ‘அருள் நிறைந்த மரியே’ தொடங்கி ‘இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே’ என்பதுவரை சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லட்டும். இயேசு என்ற பெயரில் ஒரு மூச்சு அளவுக்கு நிற்கச் சொல்லுங்கள். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே அச்சாணியாக இருப்பது அந்தப் பெயர்தான். வேகம் தானாகக் குறையும். அடுத்த வாரம் அடுத்த பத்துப் பேர். ஒரு மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது தொடங்கியிருப்பார்கள்.

வீட்டில் நேரத்தை மாற்றுங்கள். சாப்பாட்டுக்குப் பின் வேண்டாம், முன்பே வையுங்கள். அக்டோபர் மாதத்தில் அன்பியம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) வீடு வீடாகச் சுற்றி இரவு ஒன்பதரைக்கு முடியும் நாள்களில், பிள்ளைகள் உங்கள் மடியில் தூங்கினால் தூங்கட்டும்.

இப்போது அந்த விசேஷ செபமாலை. தயவுசெய்து வாங்காதீர்கள். இதில் ஏமாந்த குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வெதும்பிவிட்டது. திருத்தலக் கடைத்தெருக்களில் ஒரு கூட்டம், வீடு வீடாக வருபவர்கள் இன்னொரு கூட்டம், இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறார்கள். ‘ரோமாபுரியில் மந்திரித்தது’, ‘எருசலேம் ஒலிவ மரம்’, ‘பிள்ளைக்குப் படிப்பு வரும்’, ‘வீட்டில் கட்டு இருக்கிறது, இதை நிலைப்படியில் தொங்கவிட்டால் அவிழும்’ என்பார்கள். ஒருமுறை என் வகுப்புத் தாய் ஒருவர், மகன் இரவில் பயந்து எழுகிறான் என்பதற்காக 750 ரூபாய் கொடுத்து வாங்கிய மாலையைக் கொண்டுவந்து காட்டினார். பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சின்மேல் சாதாரணப் பிளாஸ்டிக் மணி, சிலுவையின் பின்புறம் சாயம் உரிந்து விரலில் ஒட்டியது. ‘ஏற்கெனவே ஆசீர்வதித்தது’ என்று சொல்லித்தான் விலையை ஏற்றியிருந்தார்கள். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஆசீருக்கு விலை கிடையாது, ஆசீர்வதிக்கப்பட்ட பக்திப் பொருளோடு சேர்ந்த பலன், அந்தப் பொருளை விற்றால் அத்தோடு போய்விடும் என்பது திருச்சபையின் விதி. மந்திரித்தது என்று கூடுதல் பணம் கேட்பவர், தன் பேச்சாலேயே தன் சரக்கைக் கெடுத்துக்கொள்கிறார். மலிவான ஒரு மாலையை வாங்கி ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் நீட்டுங்கள். அரை நிமிடத்தில் ஆசீர்வதித்துக் கொடுப்பார், காசு கேட்கமாட்டார்.

செபமாலை சொல்பவர்களுக்குப் பதினைந்து வாக்குறுதிகள் என்று அச்சடித்த தாளை யாராவது கொடுத்தாலும், ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று செய்தி வந்தாலும், அவற்றை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். வாக்குறுதிகள் பழைய தனிப்பட்ட வெளிப்பாடு என்று சொல்லப்படுபவை, விசுவாசப் போதனை அல்ல. இரண்டாவது வெறும் மிரட்டல். ஒரு குழந்தை பயத்தில் மாலையை எடுக்கக் கற்றுக்கொண்டால் பயம் தெளிந்த வயதில் மாலையையும் வைத்துவிடும். மாலை அறுந்தால் கெட்ட சகுனம் என்பதும் இதே வகைதான். அறுந்தால் கோத்துக்கொள்ளலாம்.

உங்கள் மகளுக்குச் சிறுமணி மாலை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். கழுத்தில் மாட்டியபடி தூங்கவும் விடாதீர்கள். வகுப்புக்குச் செய்யும் கயிற்றில் மிச்சமிருப்பதில் அவளுக்கு மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். முடிச்சுப் போடுவதை உங்கள் மாமியாரிடமே விடுங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் யாருக்காகச் சொல்வது என்று அவரும் பேத்தியும் பேசி வைத்துக்கொள்ளட்டும்.