சுகர் மெஷினில் தேதி தப்பாக இருக்கிறது. இப்போது திருத்தினால் பழைய ரீடிங்குகளும் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. அதனால் தேதியில் கை வைப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மெஷின் இப்போது காட்டும் தேதி, நேரம் இரண்டையும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். போட்டோவிலேயே சரியான நேரம் பதிவாகிவிடும். அது எதற்கு என்று சொல்கிறேன்.

மெஷினுக்குள் ஒரு சின்ன குவார்ட்ஸ் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே வகைப் படிகம்தான், வினாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 தடவை பாதியாக்கினால் 1 வரும். வினாடி கிடைப்பது அப்படித்தான். நீங்கள் சுகர் பார்க்கும்போது அந்தக் கடிகாரம் என்ன சொல்கிறதோ, அதையே ரீடிங்கோடு சேர்த்து மெமரியில் எழுதிவிடும். செல்போன் மாதிரி வெளியிலிருந்து நேரம் வாங்குவதில்லை என்பதால், அது சரியா தப்பா என்று மெஷினுக்குத் தெரியாது.

படிகமும் கொஞ்சம் பிசகும்தான். 10 லட்சத்துக்கு 20 என்று பிசகினாலும் மாதத்துக்கு ஒரு நிமிடம்கூட வராது, விட்டுவிடலாம். வினை பேட்டரி மாற்றும்போதுதான். பல மெஷின்களில் ரீடிங்குகள் பத்திரமாக இருக்கும், கடிகாரம் மட்டும் ஏதோ ஒரு வருடத்து ஜனவரி 1-க்குப் போய்விடும். நாம் அதைப் பார்க்காமல் ஸ்ட்ரிப்பைச் சொருகிவிடுவோம்.

ஆனால் தப்பான தேதியிலிருந்து கிளம்பினாலும் கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடும். மெஷின் ஜனவரி 9 காலை 4 மணி என்று காட்டும்போது உண்மையில் மார்ச் 20 காலை 7 மணி என்றால், அதில் ஜனவரி 8, 3.30 என்று இருக்கும் ரீடிங் மார்ச் 19 காலை 6.30-க்கு எடுத்தது. திருத்திவிட்டால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வழி இல்லை. போட்டோ அதற்குத்தான். (நடுவில் இரண்டாவது முறை பேட்டரி கழன்றிருந்தால் இந்தக் கணக்கு உதவாது.)

எங்கள் வீட்டில் நடந்தது இதைவிட அற்பமான தப்பு. அப்பாவின் மெஷினில் காலை, மாலை மாறியிருந்தது. வெறும் வயிற்றில் பார்த்தது மாலை 6 மணிக்கும், டிபனுக்குப் பிறகு பார்த்தது இரவு 9 மணிக்கும் போய் உட்கார்ந்திருந்தன. டாக்டர், "ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?" என்று அப்பாவைக் குடைந்து எடுத்துவிட்டார். நல்லவேளை, அப்பா தினசரிக் காலண்டர் தாளிலும் எழுதி வைத்திருந்தார்.

ப்ளூடூத் மெஷின் என்றால் கொஞ்சம் தேவலாம். ப்ளூடூத்தின் பொது விதிப்படி ஒவ்வொரு ரீடிங்குக்கும் வரிசை எண் உண்டு. நீங்கள் கடிகாரத்தை எத்தனை நிமிடம் நகர்த்தினீர்கள் என்பதும் தனியாகப் பதிவாகும். தேதி குழம்பினாலும் எது முன்னால், எது பின்னால் என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், 7 நாள், 30 நாள் சராசரியை மெஷின் தேதியை வைத்துத்தான் போடும். திருத்திய பிறகு சில வாரங்களுக்கு அந்த எண்ணை நம்ப வேண்டாம்.