உரக்கடைப் பூஞ்சை கரப்பானைக் கொல்லுமா?

கேள்வி: எங்கள் வீட்டுச் சமையலறையில் கரப்பான் தொல்லை தாங்க முடியவில்லை. சின்னக் குழந்தை இருப்பதால் ஸ்ப்ரே அடிக்கப் பயம். உரக்கடையில் மெட்டாரைசியம் என்று ஒரு கிலோ பாக்கெட் கொடுத்தார்கள். "இயற்கைப் பூஞ்சைதான், கரப்பானும் செத்துவிடும்" என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன். அடுப்படியில் தூவலாமா?

பதில்: தூவாதீர்கள். கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இந்தப் பூஞ்சையின் வித்துகள் பூச்சியின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போகும். சில நாட்களில் பூச்சி செத்துவிடும். ஈரப்பதம் இருந்தால் செத்த உடல்மேல் பச்சையாகப் பூஞ்சை பூக்கும். ஆய்வகத்தில் கரப்பானும் இப்படிச் சாகிறது. 1990-களில் அமெரிக்காவில் இதே பூஞ்சையை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, கரப்பான் நுழைந்து பூசிக்கொண்டு போகிற மாதிரி விற்றும் பார்த்தார்கள். சந்தையில் நிலைக்கவில்லை.

உங்கள் கையில் இருப்பது அந்தப் பெட்டி அல்ல, வயலுக்கான தூள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: எந்தப் பயிர், எந்தப் பூச்சி என்று அச்சிட்டிருக்கும். கரப்பான் என்று இல்லையென்றால் அது வீட்டுக்கான மருந்தே இல்லை. அடுப்புச் சூட்டிலும் காய்ந்த காற்றிலும் வித்துகள் வீணாகும். முட்டைக்கூட்டுக்குள் இருக்கும் குஞ்சுகளையும் அது எட்டாது. சிறிய ஜெர்மன் கரப்பானின் ஒரு கூட்டில் மட்டும் 30, 40 முட்டைகள் இருக்கும். அப்புறம், "இயற்கை" என்பதற்காக வித்துத்தூளைக் குழந்தை மூச்சில் இழுக்கலாமா? ஒவ்வாமை வரலாம்.

கரப்பான் தின்று சாகும் ஜெல் வாங்குங்கள். ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து கலந்தது ஊசிக்குழலில் கிடைக்கும். அலமாரிக் கதவின் கீல் இடுக்கு, சிங்க்கின் அடிப்பக்கம், ஃபிரிட்ஜ் மோட்டார் ஓரம் என்று குழந்தையின் கை போகாத இடங்களில் கடுகளவு பொட்டுகளாக வையுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: ஜெல் வைத்த இடத்திலேயே ஸ்ப்ரேயும் அடிப்பார்கள். அந்த வாடைக்குக் கரப்பான் ஜெல்லை நெருங்காது, இரண்டு காசும் வீண். இரவில் சிங்க்கைத் துடைத்துக் காய வைத்தால் ஜெல்லுக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டு வாரம் கழித்து, தீர்ந்த இடத்தில் மறுபடி வையுங்கள். அதற்குள் புதுக் குஞ்சுகள் வெளிவந்திருக்கும்.

வாங்கிய பாக்கெட்டை என்ன செய்வது? கடைக்காரர் திருப்பி எடுத்தால் சரி. இல்லையென்றால், ஊரில் தென்னை வைத்திருக்கும் உறவினருக்குக் கொடுங்கள். எருக்குழியில் கலந்தால் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களைக் கொல்லும். அவர் கைக்குப் போகும்வரை வெயில் படாமல் குளுமையான இடத்தில் வையுங்கள், காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.